தங்கமீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வேண்டாம்

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் தங்கமீன் வாங்கிவரும் பலர், 'சுத்தமான தண்ணீர்' என்று ஆர்.ஓ. நீரையே ஊற்றுகிறார்கள். பார்க்கவே மனம் பதறுகிறது. அதில் கார்பனேட் காரத்தன்மை, அதாவது கே.எச்., ஏறக்குறைய இல்லை. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் இந்தக் காரத்தைத்தான் தின்று தீர்க்கின்றன. தீர்ந்ததும் பி.எச்., அதாவது நீரின் அமில-கார அளவு, ஒரே இரவில் சரியும்.

தங்கமீனுக்கு பி.எச். 7 முதல் 8.4 வரை நல்லது. ஓர் எண்ணைத் துரத்தாதீர்கள், அது நிலையாக இருப்பதே முக்கியம். கே.எச். 4 டிகிரிக்குக் குறையக் கூடாது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது, ஆனால் தெருவுக்குத் தெரு மாறும். சோதனைச் சொட்டு மருந்தால் பார்த்துவிட்டு, உப்புக் கரிக்காவிட்டால் அதையே ஆர்.ஓ. நீரோடு கலக்கலாம்.

அவசரத்துக்கு ஆப்பசோடா போதும். 100 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, கே.எச்.ஐ சுமார் 2 டிகிரி உயர்த்தும். தனியே கரைத்து, இரண்டு மூன்று நாள் பிரித்து ஊற்றுங்கள். அதற்குமுன் அம்மோனியாவைப் பாருங்கள். இருந்தால் முதலில் தண்ணீரை மாற்றுங்கள். பி.எச். ஏறும்போது அம்மோனியாவின் நச்சும் ஏறும். நீண்ட நாளுக்கு, நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வையுங்கள்.