மைக்கேல் ஜோர்டன் வளர்ந்த வில்மிங்டனைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மைக்கேல் ஜோர்டன் என்றதும் சிகாகோ நகரத்தையே நினைக்கும் கூடைப்பந்து ரசிகர்கள், அவருடைய ஆட்டம் உருவான இடத்தைக் காண விரும்பினால், வட கரோலினா மாநிலத்தின் கடலோர நகரமான வில்மிங்டனுக்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ராலே நகரத்திலிருந்து ஐ-40 நெடுஞ்சாலையில் காரில் சென்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம்; வில்மிங்டனை நெருங்கும்போது அந்தச் சாலையின் ஒரு பகுதி ஜோர்டனின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் பிறந்தது 1963இல், நியூயார்க்கின் புரூக்ளினில். சிறு வயதிலேயே குடும்பத்துடன் வில்மிங்டனுக்கு வந்துவிட்டார். வீட்டின் பின்புறம் தந்தை அமைத்துக் கொடுத்த ஆடுகளத்தில், அண்ணன் லாரியுடன் நாள்தோறும் ஒற்றைக்கு ஒற்றையாக மோதித் தோற்றுக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் அண்ணனின் 45ஆம் எண்ணில் பாதியைக் கணக்கிட்டு, அதை முழு எண்ணாக்கி, 23ஐத் தன் சட்டைக்குத் தேர்ந்தெடுத்தார். அந்த வீடு தனியார் குடியிருப்பு என்பதால் அதைத் தேடிச் செல்லாதீர்கள்.

காலையில் முதலில் ஜோர்டன் படித்த லேனி உயர்நிலைப்பள்ளிக்குச் செல்லுங்கள். அது இன்றும் இயங்கிவரும் அரசுப் பள்ளி. ஆகவே முன்கூட்டியே அலுவலகத்தைத் தொடர்புகொண்டு அனுமதி பெறாமல் உள்ளே நுழையக் கூடாது. குளிர்காலத்தில் பயணம் அமைந்தால், பள்ளி அணியின் போட்டி நாளைத் தெரிந்துகொண்டு, பார்வையாளராகவே ஜோர்டனின் பெயர் சூட்டப்பட்ட உள்ளரங்கில் அமரலாம். என் கருத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை.

அங்கே அமரும்போது ஒரு செய்தியைச் சரியாக அறிந்திருப்பது மிகவும் முக்கியம். "ஜோர்டனைப் பள்ளி அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள்" என்று பயிற்சி முகாம்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை முழு உண்மையன்று. 1978இல், பத்தாம் வகுப்பு மாணவராக இருந்த அவர், முதன்மை அணிக்குத் தேர்வாகவில்லை. இளையோர் அணியில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருடைய உயரம் ஏறக்குறைய 5 அடி 10 அங்குலம். அதே வகுப்பில் படித்த லெராய் ஸ்மித் 6 அடி 7 அங்குல உயரம் கொண்டிருந்ததாலும், அணிக்கு உயரமான வீரர் தேவைப்பட்டதாலும், அந்த இடம் ஸ்மித்துக்குச் சென்றது. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு அது பெரும் வலிதான். வீட்டுக்குச் சென்று அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனால், பயிற்றுநரைக் குற்றம் சொல்வதற்கு அதில் இடமில்லை. முதன்மை அணியின் இருக்கையில் வெறுமனே உட்கார்ந்திருப்பதற்கு மாறாக, இளையோர் அணியில் ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சில ஆட்டங்களில் 40 புள்ளிகள் வரை குவித்தார். அடுத்த ஆண்டுக்குள் சில அங்குலங்கள் வளர்ந்து முதன்மை அணியில் இடம்பிடித்து, 1981இல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

நண்பகலில் நகரின் மையப் பகுதியிலுள்ள கேப் ஃபியர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடலாம். மாலை வெயில் தணிந்தபின், அவர் இளமையில் ஆடிய எம்பி பூங்காவுக்குச் செல்லுங்கள். பந்தும் ஆடுவதற்கேற்ற காலணியும் உடன் இருக்கட்டும். அண்ணனோ தம்பியோ கூட வந்திருந்தால், அங்கே ஒற்றைக்கு ஒற்றையாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத் திரும்புங்கள்.