நெல் ஆலைப் பொயிலர்: கண்ணாடியில் தண்ணீர் தெரியாதபோது

கிழக்கிலங்கையில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் புழுங்கல் போடும் ஆலைகளில் பெரும்போக அறுவடை வந்துவிட்டால், உமியை எரித்து ஆவி தரும் பொயிலருக்கு ஓய்வில்லை. லொறிகள் வாசலில் நிற்கும், தொட்டியில் ஊறிய நெல் பிந்தினால் புளித்து நாறும். அந்த அவசரத்தில்தான் பிழையான முடிவு வருகிறது. அதனால் பயிற்சியை அறுவடைக்கு முன்பே, பொயிலர் குளிர்ந்திருக்கும்போது கொடுங்கள்.

முதலில் ஒரு விதியைப் பழக்குங்கள். பொயிலருக்குள் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தால் ஏற்றலாம். தெரியாவிட்டால் ஒரு சொட்டும் ஏற்றக்கூடாது. தண்ணீர் வற்றினால் குழாய்கள் பழுக்கக் காய்ந்துவிடும். அதில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகும். சாதாரண அழுத்தத்தில் ஆவி தண்ணீரைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் பிடிக்கும். பொயிலர் இப்படியும் வெடிக்கும்.

கண்ணாடியும் பொய் சொல்லும். சுண்ணப் படிவு வழியை அடைத்தால் பழைய மட்டமே நிற்கும். ஒவ்வொரு வேலைமுறை மாற்றத்திலும் கண்ணாடியின் அடி வடிகாலைத் திறந்து, கீழ் வால்வை மூடினால் ஆவி சீற வேண்டும். அதைத் திறந்து மேல் வால்வை மூடினால் தண்ணீர் பாய வேண்டும். பிறகு மேல் வால்வைத் திறந்து வடிகாலை மூடியதும் மட்டம் சட்டென்று ஏற வேண்டும். மெதுவாக ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது.

இனி ஒத்திகை. கண்ணாடியை மட்டையால் மறைத்து "தண்ணி தெரியல்ல" என்று சொல்லுங்கள். ஒப்பரேட்டர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்லிச் செய்யட்டும்: உமி நிறுத்து, புளோவர் நிறுத்து, பம்ப் நிறுத்து, ஆட்களை வெளியே அனுப்பு. ஆவி வால்வையும் பாதுகாப்பு வால்வையும் தொடக்கூடாது. அழுத்தம் திடீரென்று இறங்கினால் மிஞ்சிய தண்ணீர் பொங்கும். உமி நிறுத்தியும் தணல் நெடுநேரம் கனலும், அதனால் தானாக ஆறவிட்டு, தெரிந்தவர் பார்த்த பிறகே மீண்டும் மூட்டுங்கள்.

அடுத்த தடவை கரண்ட் போனதாக வையுங்கள், ஆனால் கண்ணாடியில் பாதி தண்ணீர். இங்கே உமியை நிறுத்தி, காற்றுக் கதவை அடைத்து, மாற்றுப் பம்பால் ஏற்றுவதே சரி. இரண்டையும் கலந்து கொடுக்காவிட்டால் யோசிக்காமல் ஒரே கையசைவைத்தான் பழகுவார்.

மூன்றாவதை இரவில், மில் ஓடும் சத்தத்தோடு வையுங்கள். ஒருவர் முதலாளிபோல் நின்று, "நெல்லு புளிக்குது தம்பி, கொஞ்சம் தண்ணி விடு" என்று நெருக்கட்டும். பதில் இப்படி வர வேண்டும்: "கண்ணாடியில தண்ணி இல்ல, நிப்பாட்டிட்டன் முதலாளி." உண்மையான முதலாளியும் அங்கே நின்று, நிறுத்தியதற்குச் சம்பளம் வெட்டமாட்டேன் என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் மற்றப் பயிற்சியெல்லாம் வீண்.

மூன்றையும் தொடர்ந்து பிழையில்லாமல் செய்யும்வரை புதியவரை இரவில் தனியே விடாதீர்கள்.