பட், ஆல்தோ, டெஸ்பைட், ஹவ்எவர்: எதை எங்கே போடுவது? ஆரம்பநிலையினருக்கு ஒரு செய்முறை

மழை பெய்தது. அறுப்பு நிற்கவில்லை.

இந்த இரண்டையும் தமிழில் சேர்க்க நமக்கு யோசனையே வேண்டியதில்லை. "மழை பெய்தது, ஆனால் அறுப்பு நிற்கவில்லை" என்போம். "மழை பெய்தும் அறுப்பு நிற்கவில்லை" என்போம். வாய் தானாகச் சொல்லிவிடும். இதையே ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பட், ஆல்தோ, டெஸ்பைட், ஹவ்எவர் என்று நாலைந்து சொற்கள் வரிசைகட்டி நிற்கும். அகராதியைப் புரட்டினால் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தான் போட்டிருக்கும். அதனால் பொருளைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நோட்டை எடுத்து அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

படி 1: உண்மையிலேயே முரண் இருக்கிறதா?

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

த சாயில் இஸ் க்ளே, பட் இட் ஹோல்ட்ஸ் வாட்டர் வெல்.

இலக்கணத்தில் தப்பில்லை, பொருளில்தான் தப்பு. களிமண் என்றால் தண்ணீர் பிடிக்கத்தானே செய்யும்? டெல்டாவில் வயல் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே பட் வராது. ஸோ அல்லது அண்ட் போட வேண்டும். முதல் வாக்கியத்தைப் படித்தவர் ஒன்றை எதிர்பார்த்து, இரண்டாவது வாக்கியம் அதற்கு மாறாக வந்தால்தான் இந்தச் சொற்களுக்கு வேலை.

இன்னொரு வகை முரணும் உண்டு. அதில் எதிர்பார்ப்பு எதுவும் உடையாது. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டுவோம், அவ்வளவுதான். அதற்கு வேறு சொல். படி 6-ல் வருகிறது.

படி 2: ஒரே சேதி, நான்கு அச்சு

இட் ரெய்ன்ட் ஹெவிலி, பட் த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.
ஆல்தோ இட் ரெய்ன்ட் ஹெவிலி, த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.
டெஸ்பைட் த ஹெவி ரெய்ன், த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.
இட் ரெய்ன்ட் ஹெவிலி. ஹவ்எவர், த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.

நான்கையும் நிதானமாகப் பாருங்கள். இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள். பட், ஆல்தோ, ஹவ்எவர் மூன்றுக்கும் பின்னால் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் வந்திருக்கிறது. டெஸ்பைட்டுக்குப் பின்னால் மட்டும் 'த ஹெவி ரெய்ன்' என்று வெறும் பெயர்ச்சொல். வினை இல்லை. ஹெவிலி என்பதுகூட ஹெவி ஆகிவிட்டது.

அடுத்து முற்றுப்புள்ளி. பட்டும் ஆல்தோவும் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கிவிட்டன. ஹவ்எவரால் அது முடியாது. அது இரண்டாவது வாக்கியத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே தவிர, முதல் வாக்கியம் தனியாகத்தான் நிற்கிறது.

படி 3: ஆல்தோ

நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. விடைத்தாளிலும் விண்ணப்பத்திலும் இப்படி எழுதியிருப்பார்கள்:

ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.

ஆல்தோ வந்தால் பட் வரக்கூடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒன்று போதும். பேச்சில் நாம் "அவ்வளவு சொல்லியும், ஆனா அவன் கேக்கல" என்று இரண்டையும் சேர்த்தே இழுப்போம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்திலும் வந்து உட்காருகிறது. எழுதி முடித்ததும் ஆல்தோவைத் தேடுங்கள். அதே வாக்கியத்தில் பட் இருந்தால் அடித்துவிடுங்கள். கமா மட்டும் இருக்கட்டும்.

ஆல்தோ எந்தப் பாதியில் வரும் என்ற குழப்பத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்:

மேட்டூரில் தண்ணீர் திறந்தும் கடைமடைக்கு வந்து சேரவில்லை.

'திறந்தும்' என்ற வினையில் ஒட்டியிருக்கும் அந்த 'உம்'தான் நம் ஆல்தோ. தமிழில் அது பாதியின் கடைசியில் நிற்கும். ஆங்கிலத்தில் அதே பாதியின் முதலில் போய் நிற்கும். வேறு பாதிக்குத் தாவாது:

ஆல்தோ வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் மேட்டூர், இட் டிட் நாட் ரீச் த டெயில்-எண்ட் வில்லேஜஸ்.

வந்தும், படித்தும், சொல்லியும், இருந்தும் எல்லாம் இப்படியே. 'ஆலும்' வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். "மழை பெய்தாலும் நாளைக்கு நடவுக்கு வந்துவிடுவேன்" என்றால் மழை இன்னும் பெய்யவில்லை. பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். அதற்கு ஆல்தோ ஆகாது, ஈவன் இஃப் போட வேண்டும்: ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், ஐ வில் கம். நடந்து முடிந்ததற்கு ஆல்தோ, நடக்கலாம் என்பதற்கு ஈவன் இஃப்.

கமா விஷயம் எளிது. ஆல்தோ பாதி முன்னால் வந்தால் நடுவில் கமா உண்டு. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம்: த ஹார்வெஸ்ட் கன்டின்யூட் ஆல்தோ இட் ரெய்ன்ட்.

ஈவன் தோ என்றால் அதே ஆல்தோதான், கொஞ்சம் அழுத்திச் சொல்வது. எழுதும்போது அது இரண்டு சொல், சேர்த்து எழுதாதீர்கள். தோ என்பது பேச்சு வழக்கு. அது வாக்கியத்தின் கடைசியிலும் வரும்: த காஃபி வாஸ் காஸ்ட்லி. இட் வாஸ் குட், தோ. கும்பகோணத்தில் டிகிரி காபி குடித்துவிட்டு "விலை ஜாஸ்திதான். நல்லா இருந்துச்சு ஆனா" என்று சொல்கிறோமே, அதேதான். விண்ணப்பக் கடிதத்தில் மட்டும் வாக்கியத்தை இப்படி முடிக்க வேண்டாம்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். தோ என்பதை டி ஹெச் ஓ யூ ஜி ஹெச் என்று எழுதுவோம். டி ஹெச்சுக்குப் பிறகு ஒரு ஆர் நுழைந்தால் த்ரூ ஆகிவிடும்; கடைசியில் ஒரு டி சேர்ந்தால் தாட் ஆகிவிடும். கம்ப்யூட்டர் இதைப் பெரும்பாலும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் மூன்றுமே சரியான சொற்கள். கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

படி 4: டெஸ்பைட்

டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் இரண்டுக்கும் பொருளும் ஒன்று, இலக்கணமும் ஒன்று. ஒன்றில் ஆஃப் இல்லை, இன்னொன்றில் உண்டு. இரண்டையும் கலந்து டெஸ்பைட் ஆஃப் என்று எழுதுவது பரவலான பிழை. அதேபோல இன் ஸ்பைட் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதும் பிழை.

பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும் என்று பார்த்தோம். டெஸ்பைட் இட் ரெய்ன்ட் என்று எழுதவே முடியாது. கையில் இருப்பதோ முழு வாக்கியம். அதைப் பெயராக மாற்றுவது எப்படி? மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, வினைக்கு உள்ள பெயரைத் தேடுவது. த பஸ் வாஸ் லேட் என்பது டெஸ்பைட் த டிலே ஆகும். த கனால் வாஸ் டீசில்ட்டட், அதாவது வாய்க்கால் தூர் வாரப்பட்டது என்பது டெஸ்பைட் த டீசில்ட்டிங் ஒர்க் ஆகும். கேட்கவும் இதுதான் நன்றாக இருக்கும்.

இரண்டாவது வழி, வினையோடு ஐஎன்ஜி சேர்ப்பது: டெஸ்பைட் பீயிங் டயர்ட், ஷி ஃபினிஷ்ட் த டிரான்ஸ்பிளான்டிங். களைப்பு யாருக்கு? அவளுக்கு. நடவை முடித்தது யார்? அவளே. இப்படி இரண்டு பக்கமும் ஒரே ஆளாக இருந்தால்தான் இந்த வழி சரிவரும். டெஸ்பைட் பீயிங் டயர்ட், த ஒர்க் வாஸ் ஃபினிஷ்ட் என்று எழுதினால் வேலைக்கே களைப்பு வந்ததுபோல ஆகிவிடும்.

மூன்றாவது வழி, டெஸ்பைட் த ஃபேக்ட் தட் என்று போட்டு முழு வாக்கியத்தையும் அப்படியே ஒட்டுவது. தப்பில்லை, ஆனால் நீளம். இவ்வளவு சுற்றுவதற்கு ஆல்தோவே போட்டுவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி.

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். நெல் காய்ந்திருந்தும் எடை போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத வேண்டும் என்று வையுங்கள். இரண்டு விதமாக எழுதலாம்:

ஆல்தோ த மாய்ஸ்சர் இஸ் பிலோ 17 பர்சென்ட், அவர் பாடி ஹாஸ் நாட் பீன் வெய்ட்.
டெஸ்பைட் த லோ மாய்ஸ்சர், அவர் பாடி ஹாஸ் நாட் பீன் வெய்ட்.

இரண்டும் சரி. ஆனால் மனுவுக்கு முதல் வாக்கியம்தான் பலம், 17 என்ற எண் அதில்தான் இருக்கிறது. சுருக்கமாக எழுதுவது எப்போதும் நல்லது என்று சொல்லித் தருவார்கள். மனு எழுதும்போது அதை நம்ப வேண்டாம்.

படி 5: ஹவ்எவர்

செய்தித்தாள், அலுவலகக் கடிதம், கட்டுரை ஆகியவற்றில் அதிகம் வரும். இதில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்றுதான்:

இட் ரெய்ன்ட், ஹவ்எவர் த ஹார்வெஸ்ட் கன்டின்யூட்.

பட் இருந்த இடத்தில் அப்படியே ஹவ்எவரை நட்டிருக்கிறார்கள். வெறும் கமா இந்தப் பாரத்தைத் தாங்காது. முன்னால் முற்றுப்புள்ளி அல்லது செமிகோலன், பின்னால் கமா. இந்த இரண்டும் இருந்தால் சரி. செமிகோலன் போட்டால் அடுத்து வரும் ஹவ்எவரைப் பெரிய எழுத்தில் தொடங்கக் கூடாது.

வாக்கியத்தின் நடுவிலும் வைக்கலாம். அப்போது இரண்டு பக்கமும் கமா. நெவர்தலெஸ் என்பதும் இதே அச்சுதான், கொஞ்சம் கனமான சொல்: த கஜா சைக்ளோன் அப்ரூட்டட் கோகோனட் ட்ரீஸ் இன் 2018. நெவர்தலெஸ், மெனி ஃபார்மர்ஸ் பிளான்டட் கோகோனட் அகெய்ன். இப்படிப் பெரிய விஷயத்துக்கு அது பொருந்தும். பஸ் தாமதம், காபி ஆறிப்போனது இதற்கெல்லாம் நெவர்தலெஸ் போட்டால் சிரிப்பு வரும்.

படி 6: பக்கத்தில் வைத்து ஒப்பிட வேர்ஆஸ்

ஏடிடி 43 மேச்சூர்ஸ் இன் அபவுட் 110 டேஸ், வேர்ஆஸ் சிஆர் 1009 டேக்ஸ் அபவுட் 160.

ஒன்று குறுவைக்கு ஏற்ற குறுகிய கால நெல் ரகம், இன்னொன்று சம்பாவுக்கு ஏற்ற நீண்ட கால ரகம். ஒன்றுக்கு 110 நாள் ஆவதால் மற்றதும் சீக்கிரம் விளையும் என்று யாரும் எதிர்பார்க்கப் போவதில்லை. அதனால் இங்கே ஆல்தோ ஒட்டாது. வைல் போடலாம், ஆனால் அதற்கு 'அதே நேரத்தில்' என்ற பொருளும் இருப்பதால் ஆரம்பத்தில் வேர்ஆஸ்தான் பத்திரம். ஒப்பிடுவது ஒரு பத்தி அளவுக்கு நீண்டால் ஆன் தி அதர் ஹேண்ட் என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள்.

ஆன் த கான்ட்ரரி இவற்றோடு சேராது. முன்னால் சொன்னதை அடியோடு மறுப்பதற்குத்தான் அது: த ஃபீல்ட்ஸ் ஆர் நாட் ட்ரை இன் நவம்பர். ஆன் த கான்ட்ரரி, தே ஆர் ஆஃபன் ஃப்ளடட். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவுக்கு வந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

படி 7: எதைக் கடைசியில் வைப்பது?

ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், பட் ஐ லெர்ன் ஃபாஸ்ட்.
ஐ லெர்ன் ஃபாஸ்ட், பட் ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ்.

சேதி ஒன்றுதான். ஆனால் நேர்முகத் தேர்வில் முதலாவதைச் சொன்னவருக்கு வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவதைச் சொன்னவர் தானே கதவைச் சாத்திக்கொண்டார். பட்டுக்குப் பின்னால் வருவதுதான் கேட்பவர் மனதில் தங்கும். ஆல்தோவில் இது தலைகீழ்: ஆல்தோ ஒட்டிய பாதி அடங்கிப்போகும், மற்ற பாதி எடுப்பாக நிற்கும். ஆகவே உங்கள் குறையை ஆல்தோ பக்கம் தள்ளுங்கள்: ஆல்தோ ஐ ஹேவ் நோ எக்ஸ்பீரியன்ஸ், ஐ லெர்ன் ஃபாஸ்ட்.

பயிற்சி

முதலில் ஒன்றை நானே செய்து காட்டுகிறேன். மேட்டூர் அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. மூன்று தகவலையும் கோத்தால்:

ஆல்தோ வாட்டர் இஸ் யூஷுவலி ரிலீஸ்ட் ஃப்ரம் மேட்டூர் ஆன் ஜூன் 12, இட் வாஸ் ரிலீஸ்ட் ஆஸ் எர்லி ஆஸ் மே 24 இன் 2022. இன் 2024, ஹவ்எவர், ஃபார்மர்ஸ் ஹாட் டு வெயிட் அன்டில் ஜூலை 28.

இனி உங்கள் முறை. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அ) வாய்க்கால் தூர் வாரியும் தண்ணீர் வரவில்லை. இதை டெஸ்பைட் போட்டு எழுதுங்கள்.
ஆ) கொள்ளிடம் வெள்ள நீரைக் கடலுக்குக் கொண்டுபோகிறது, காவிரி வாய்க்கால்களுக்குத் தண்ணீர் தருகிறது. ஒரே வாக்கியமாக்குங்கள்.
இ) பஸ் வராவிட்டாலும் நாளைக்குத் தேர்வுக்குப் போவேன்.

விடைகள்:

அ) டெஸ்பைட் த டீசில்ட்டிங் ஒர்க், த வாட்டர் டிட் நாட் கம்.
ஆ) த கொள்ளிடம் கேரிஸ் ஃப்ளட் வாட்டர் டு த சீ, வேர்ஆஸ் த காவேரி ஃபீட்ஸ் த கனால்ஸ்.
இ) ஈவன் இஃப் த பஸ் டஸ் நாட் கம், ஐ வில் கோ ஃபார் தி எக்ஸாம் டுமாரோ. இதில் ஆல்தோ போட்டிருந்தால் படி 3-ல் 'ஆலும்' பற்றிச் சொன்னதை இன்னொரு தரம் படியுங்கள்.