நெட் வரலன்னதும் ரீசெட் ஓட்டையில ஊசியை விடாதீங்க: வீட்டு வைஃபைல தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்ல யாராவது "நெட் வரல"ன்னு கத்துனதும் ஓடிப்போய் ரூட்டர் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்றது நம்ம வழக்கம், பாதி நேரம் அதுலயே சரியாயிடும், அதனால மீதி பாதி நேரமும் அதையே திரும்பத் திரும்ப பண்ணிட்டு உக்காந்திருப்போம். ஆனா நெட் வரலன்னா கோளாறு இருக்கறதுக்கு நாலு இடம் இருக்கு. தெருக் கம்பத்துல இருந்து வீட்டுக்குள்ள வர்ற ஃபைபர் ஒயர், அது வந்து சொருகியிருக்கற ரூட்டர் பொட்டி, பொட்டிக்கும் போனுக்கும் நடுவுல காத்துல போற வைஃபை, கடைசியா அந்த போனோ டிவியோ லேப்டாப்போ. இதுல எது மக்கர் பண்ணுதுன்னு பாக்காம கை வைக்கறதுதான் பெரிய தப்பு, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி வர்றது.

பாக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. உங்க போன்ல வரல, பக்கத்துல இருக்கறவங்க போன்ல வருதான்னு கேளுங்க. அவங்களுக்கு வருதுன்னா ரூட்டரை தொடவே வேண்டாம், கோளாறு உங்க போன்ல. யாருக்குமே வரலன்னா பிரவுசர்ல 192.168.1.1னு அடிச்சுப் பாருங்க (சில பொட்டில 192.168.0.1ஆவோ வேறயாவோ இருக்கும், பொட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல போட்டிருப்பான்). ரூட்டரோட லாகின் பக்கம் டக்குனு திறந்தா உங்க வைஃபை நல்லா இருக்கு, வெளிய போற வழிதான் அடைச்சிருக்கு. அந்தப் பக்கமே திறக்கலன்னாதான் வைஃபையையோ பொட்டியையோ சந்தேகப்படணும்.

இப்ப அந்த ஊசி விஷயம். பொட்டிக்குப் பின்னாடி குட்டி ஓட்டை ஒண்ணு இருக்கும், சேஃப்டி பின்னையோ சிம் எடுக்கற ஊசியையோ விட்டு பத்து செகண்டு அழுத்தினா ரீசெட் ஆயிடும். ரீஸ்டார்ட்டும் ரீசெட்டும் ஒண்ணுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ரீஸ்டார்ட்னா தூங்கி எழுந்திரிக்கற மாதிரி, ரீசெட்னா ஞாபகமே அழிஞ்சு போற மாதிரி. வைஃபை பேரு, பாஸ்வேர்டு மட்டும் போகாது, கம்பெனி போட்டுக் கொடுத்த பிபிபிஓஇ (கம்பெனி லைன்ல லாகின் ஆகற முறை) யூசர்நேம், அதோட பாஸ்வேர்டு, விலேன் நம்பர் (லைன்ல உங்க நெட்டுக்குன்னு ஒதுக்கின நம்பர்), லேண்ட்லைன் செட்டிங் எல்லாமே போயிடும். சில கம்பெனி பொட்டி தானாவே எல்லாத்தையும் திரும்ப இழுத்துக்கும், சிலது இழுக்காது, அதுவும் நீங்களே கடைல வாங்கி மாட்டுன ரூட்டர்னா கண்டிப்பா இழுக்காது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரீசெட் பண்ணிட்டு திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் ஆள் வருவாங்கன்னு காத்திருக்கறதெல்லாம் இப்படித்தான் நடக்குது. ரீசெட் பண்ணியே ஆகணும்னா, லாகின் பக்கத்துல வேன் (WAN, வெளிய போற லைன்) செட்டிங் இருக்கற இடத்தை மொதல்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

ரீஸ்டார்ட்லயும் ஒரு அவசரம் இருக்கு. ஆஃப் பண்ண அடுத்த செகண்டே ஆன் பண்றது, லைட் எல்லாம் வர்றதுக்குள்ள "இன்னும் வரல"ன்னு மறுபடி ஆஃப் பண்றது. ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விடுங்க, ஆன் பண்ணி மூணு நிமிஷம் விடுங்க. ஃபைபர் பொட்டி தனி, ரூட்டர் தனின்னு ரெண்டு இருந்தா ஃபைபர் பொட்டியை மொதல்ல போட்டு அதுல லைட் செட்டில் ஆனப்புறம் ரூட்டரைப் போடுங்க.

லைட்டுன்னதும் சொல்றேன், ஃபைபர் பொட்டில எல்ஓஎஸ்னு ஒரு லைட் இருக்கும். அது சிவப்பா எரிஞ்சாலோ மின்னினாலோ பொட்டிக்கு வெளிச்சமே வந்து சேரலன்னு அர்த்தம், ஃபைபர் எங்கயோ அறுந்திருக்கு இல்ல மடங்கியிருக்கு இல்ல கனெக்டர் கழண்டிருக்கு. இந்த நேரத்துல பாஸ்வேர்டு மாத்துறது, ரீசெட் பண்றது, போனை பிளைட் மோட்ல போட்டு எடுக்கறது எதுக்கும் பிரயோஜனம் இல்ல. பொட்டிக்குப் பின்னாடி அந்த மெல்லிசான ஒயர் சோபாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுங்கியிருக்கா, கதவு இடுக்குல மாட்டியிருக்கா, யாராவது அழகா இருக்கட்டும்னு இறுக்கி சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. உள்ள இருக்கறது கண்ணாடி இழை, செம்புக் கம்பி மாதிரி மடக்க முடியாது, ரொம்ப மடக்குனா உடையாமலே வெளிச்சம் அந்த வளைவுலயே வெளிய கசிஞ்சுடும். வெளிய அணில் கடிச்சிருக்கும், மரம் வெட்டுறவங்க அறுத்திருப்பாங்க, அது லைன்மேன் வேலை.

அதோட, அந்தப் பச்சை கலர் முனையைப் புடுங்கி வெளிச்சம் வருதான்னு கண்ணு கிட்ட வச்சுப் பாக்கவே பாக்காதீங்க. உள்ள வர்றது 1490 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குத் தெரியாது, தெரியலங்கறதால ஒண்ணும் வரலன்னு அர்த்தம் இல்ல. முனையை சட்டையில துடைக்கறதும் வேண்டாம், விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கே சிக்னலைக் குறைக்கப் போதும். லாகின் பக்கத்துல ஆப்டிகல் பவர்னோ ஆர்எக்ஸ் பவர்னோ, வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவைச் சொல்ற ஒரு எண் இருக்கும், மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25க்குள்ள இருந்தா கவலை இல்ல, மைனஸ் 27ஐத் தாண்டி மைனஸ் 28, 29னு போனா லைன்ல நஷ்டம் அதிகம்னு தைரியமா கம்பெனிக்கு போன் போடலாம்.

யாரும் சந்தேகப்படாத ஒரு ஆள் இருக்கார், அடாப்டர். பகல்ல எல்லாம் ஒழுங்கா இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லாரும் வீட்ல உக்காந்து பாக்க ஆரம்பிச்சா ரூட்டர் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும். பொட்டி போயிடுச்சுன்னு புதுசு வாங்குவாங்க. நிறைய தடவை போனது அந்த கருப்பு அடாப்டர்தான், வயசாகி லோடு தாங்க மாட்டேங்குது, லைட் எரிய வைக்கற அளவுக்கு கரண்ட் கொடுக்கும், வேலை ஜாஸ்தியானா வோல்டேஜ் இறங்கிடும். மாத்தும்போது கைல கிடைச்ச பழைய டிவிடி பிளேயர் அடாப்டரை சொருகாதீங்க, முனை பொருந்துதுங்கறது ஒரு தகுதியே இல்ல. பொட்டில 12 வோல்ட் 1 ஆம்ப்னு போட்டிருந்தா வோல்ட் அச்சு அசலா 12 இருக்கணும், ஆம்ப் ஒண்ணோ அதுக்கு மேலயோ இருக்கலாம், கம்மியா இருக்கக்கூடாது. கரண்ட் கட்டுக்காக மினி யூபிஎஸ் வாங்கறவங்களுக்கும் இதே கணக்குதான், 9 வோல்ட் பொட்டிக்கு 12 வோல்ட் யூபிஎஸ் மாட்டி புகை விட வச்ச கதையெல்லாம் உண்டு.

சரி, லைன் நல்லா இருக்கு, பொட்டி நல்லா இருக்கு, பெட்ரூம்ல மட்டும் சுத்துது. இங்கதான் ரூட்டர் வைக்கற இடம் வருது. ஒயர் எங்க உள்ள வருதோ அங்கயே, அதாவது வாசல் மூலைல டிவிக்குப் பின்னாடி, இல்ல பார்வைக்கு அசிங்கமா இருக்குன்னு ஷோகேஸ் உள்ள, இல்ல பரண் மேல இரும்புப் பொட்டிகளுக்கு நடுவுல வச்சிருப்பாங்க. செங்கல் சுவர் ஒண்ணு ரெண்டுனா வைஃபை சமாளிக்கும், கம்பி போட்ட கான்கிரீட் தூண், ஸ்டீல் பீரோ, ஆள் உயரக் கண்ணாடி, மீன் தொட்டி இதெல்லாம் சமாளிக்காது, இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணி உறிஞ்சிடும். வீட்டு நடுவுல, நெஞ்சு உயரத்துக்கு மேல, திறந்த இடத்துல வைக்கறதை விட நல்ல ரிப்பேர் எதுவும் கிடையாது, காசும் ஆகாது, கொஞ்சம் நீளமா ஒயர் இழுக்கணும் அவ்வளவுதான். ஒயர் போட வர்ற அன்னிக்கே ஆள்கிட்ட ஹால் நடுவுக்கு இழுத்துக் கொடுங்கன்னு கேட்டுருங்க, அப்புறம் கேட்டா அவருக்கு நேரம் இருக்காது.

2.4, 5ன்னு ரெண்டு பேர்ல வைஃபை காட்டுமே, அதுல 5 பெரிய நம்பர் அதனால எப்பவும் அதான் நல்லதுன்னு எல்லா சாமானையும் அதுல மாட்டறது இன்னொரு தப்பு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஜாஸ்தி, ஆனா சுவரைத் தாண்டுறதுல வீக். 2.4 தூரம் போகும், ஆனா அந்த இடம் ஒரே கூட்டம், பக்கத்து வீட்டு ரூட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அங்கதான் இருக்கு, பொட்டிக்குப் பின்னாடி சொருகின யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கூட 2.4ல இரைச்சல் கிளப்பும். ஒரே ரூம்ல இருந்து படம் பாக்கற டிவிக்கு 5 கொடுங்க, மாடில இருக்கற போனுக்கும், ஸ்மார்ட் பல்பு, டோர்பெல் கேமரா மாதிரி சாமானுக்கும் 2.4 கொடுங்க. இந்த பல்பு வகையறால நிறைய 2.4 மட்டும்தான் பேசும், 5ல தேடித் தேடி பல்பு டிஃபெக்ட்னு திருப்பி அனுப்பறாங்க.

அபார்ட்மென்ட்ல இருந்தா சேனல்னு ஒண்ணைப் பாக்கணும், வைஃபை ஓடற தடம்னு வச்சுக்கோங்க. 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்கற சேனல் 1, 6, 11 இந்த மூணுதான். எல்லாரும் 1லயும் 6லயும் இருக்காங்க, நாம நடுவுல 3ல போய்க்கலாம்னு புத்திசாலித்தனமா மாத்துனா ரெண்டு பக்க சத்தமும் உங்க மேல விழும். கூட்டமா இருந்தாலும் 1, 6, 11ல கூட்டம் கம்மியான ஒண்ணுல போய் உக்காருங்க, சேனல் அகலத்தை 40ல இருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்க. வேகம் கொஞ்சம் குறையும், விட்டு விட்டு வர்றது நிக்கும்.

அப்புறம் ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கி திரும்பக் கொடுக்கற பொட்டி. சிக்னல் வராத ரூம்லயே கொண்டு போய் அதை மாட்டறாங்க. அதுக்கே சிக்னல் வரலன்னா அது எதை ரிப்பீட் பண்ணும்? போன்ல மூணு கோடாவது தெரியற இடத்துல, பாதி வழில மாட்டணும். அப்படி மாட்டுனாலும் ஒரே பேண்டுல (2.4 இல்ல 5) வாங்கி அதுலயே கொடுக்கற சாதா ரிப்பீட்டர்னா வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். என்னைக் கேட்டா ரிப்பீட்டருக்குக் கொடுக்கற காசுல ஒரு லேன் ஒயரை (ரூட்டர்ல சொருகற நெட் ஒயர்) இழுத்து பழைய ரூட்டரை அந்தப் பக்கம் மாட்டிடலாம். ஆனா ரெண்டாவது ரூட்டரை அப்படியே லேன் டு லேன் (ஒண்ணோட லேன் போர்ட்ல இருந்து இன்னொண்ணோட லேன் போர்ட்டுக்கு) சொருகிட்டா ரெண்டும் போட்டி போட்டு ஐபி, அதாவது ஒவ்வொரு சாமானுக்குமான நெட் அட்ரஸ், கொடுக்க ஆரம்பிச்சு வீடே குழம்பும், சில போன்ல வரும், சிலதுல வராது, அரை மணி கழிச்சு மாறும். அதுல ஆக்சஸ் பாயின்ட் மோடு (வைஃபை மட்டும் கொடுக்கறது) இருந்தா அதைப் போடுங்க, இல்லன்னா டிஹெச்சிபியை (ஐபி கொடுக்கற வேலை) ஆஃப் பண்ணிட்டு அதோட அட்ரஸை 192.168.1.2 மாதிரி வேறயா மாத்திட்டு சொருகுங்க.

வேகம் வரலன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். 100 எம்பிபிஎஸ் பிளான்ல டவுன்லோடு செகண்டுக்கு 12 எம்பிதான் காட்டும், ஏமாத்தல, அது பிட்டு, இது பைட்டு, எட்டால வகுக்கணும். அடுத்தது, 200, 300ன்னு பிளான் ஏத்திட்டு எப்பப் பாத்தாலும் 94, 95லயே நிக்குதுன்னா எங்கயோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ கோளாறான லேன் ஒயரோ நடுவுல உக்காந்திருக்கு. கிகாபிட்டுக்கு ஒயர் உள்ள எட்டு கம்பியும் வேணும், நூறுக்கு நாலு போதும், அதனால மீதி நாலுல ஒரு கம்பி விட்டுப் போனாலும் சத்தமில்லாம நூறுக்கு இறங்கி ஓடிட்டே இருக்கும். ஸ்பீட் டெஸ்ட்டை போன்ல, அதுவும் ரெண்டு ரூம் தள்ளி உக்காந்து எடுத்துட்டு கம்பெனியைத் திட்டறதுல அர்த்தம் இல்ல, லேப்டாப்பை ஒயர்ல மாட்டி எடுத்தாதான் அது லைனோட வேகம்.

வேகம் நல்லாவே இருக்கும், ஆனா வீடியோ கால் மட்டும் திக்கித் திக்கி வரும், இதுக்கு எல்லாரும் டவுன்லோடைத்தான் பாப்பாங்க. யாரோட போனோ கல்யாண வீடியோ மொத்தத்தையும் கிளவுடுக்கு ஏத்திட்டு இருக்கும், இல்ல சிசிடிவி ஏத்திட்டு இருக்கும். அப்லோடு நிரம்பிட்டா மத்த எல்லாமே வரிசைல நிக்கும். அந்த பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்க.

போன் பக்கக் கோளாறுல ரெண்டு சொல்லணும். ஆண்ட்ராய்டுல பிரைவேட் டிஎன்எஸ்னு (வெப்சைட் பேருக்கு அட்ரஸ் தேடித் தர்ற சர்வர்) ஒரு இடத்துல விளம்பரம் வராம இருக்க எதையோ போட்டு வச்சிருப்பீங்க, அந்த சர்வர் படுத்துட்டா வைஃபை கனெக்டட், இன்டர்நெட் இல்லன்னு காட்டும், ஆட்டோமேட்டிக்ல போடுங்க. டிவில டேட் தப்பா இருந்தா, கரண்ட் போய் வந்தப்புறம் அப்படி ஆகும், ஆப் எதுவுமே திறக்காது, ஏன்னா பழைய தேதில செக்யூரிட்டி சர்டிஃபிகேட் செல்லாது. டேட்டை சரி பண்ணா போதும்.

பாதுகாப்புன்னு வந்தா நீளமான பாஸ்வேர்டு, வைஃபை பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2க்குக் கீழ போகாம இருக்கறது, லாகின் பக்கத்துல யூசர்நேம், பாஸ்வேர்டு ரெண்டும் அட்மின்னு இருக்கறதை மாத்தறது, இது போதும். ஒவ்வொரு சாமானுக்கும் இருக்கற மேக் அட்ரஸ்ங்கற அடையாள எண்ணைப் பாத்து உள்ள விடற மேக் ஃபில்டர்னு ஒண்ணைப் போட்டுக்கிட்டு பெருமைப்படறவங்க உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14க்கு அப்புறம் வந்த போனெல்லாம் தன்னோட உண்மையான மேக் அட்ரஸைக் காட்டாம வேற ஒண்ணைக் காட்டும், அதனால போனை மாத்துனாலோ வைஃபையை ஃபர்கெட் பண்ணி சேத்தாலோ உங்க போனையே உங்க ரூட்டர் உள்ள விடாம போகலாம்.

கடைசியா கஸ்டமர் கேருக்கு போன் பண்ணும்போது "நெட் ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவங்க பேப்பரைப் பாத்து ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வைப்பாங்க. எல்ஓஎஸ் சிவப்பா, ஆர்எக்ஸ் பவர் எவ்வளவு, ஒயர்ல மாட்டி எடுத்த வேகம் என்ன, எந்த நேரத்துல போகுது, இந்த நாலையும் சொல்லுங்க, கம்ப்ளைன்ட் நம்பரை வாங்குங்க. ஆள் வந்து பொட்டியை மாத்திட்டுப் போனார்னா, அவர் படி இறங்கறதுக்கு முன்னாடி வைஃபை பேரு, பாஸ்வேர்டை பழைய மாதிரியே எழுத்து மாறாம போட்டுத் தரச் சொல்லுங்க. அப்படிப் போட்டா வீட்ல இருக்கற போன், டிவி, பல்பு, கேமரா எதையுமே திரும்ப சேக்க வேண்டியதில்ல.