சிரித்து முடித்த பிறகு என்ன? ஓவியப் பகடியைக் கற்பிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகடி ஓவியம் என்றால் வகுப்பு உடனே நிமிர்ந்து உட்காரும். மோனாலிசாவுக்கு மாஸ்க், மோனாலிசா கையில் செல்போன் என்று திரையில் ஒன்று வந்தாலே போதும், சிரிப்பு கிளம்பிவிடும். பாடம் நன்றாகப் போகிறது என்று நமக்கும் தோன்றும். பத்து நிமிடம் கழித்து ‘சரி, இதில் என்ன பகடி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மாஸ்க் போட்டிருக்காங்க சார்’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. நானும் சில வருடங்கள் இப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தை வாலிலிருந்து பிடித்தது என் தவறு.

ஏற்கெனவே இருக்கும் படத்தின் மூடில் கைவைப்பதுதான் பகடி. மூலப் படம் நமக்குள் என்ன செய்கிறது என்று பிடிபடாதவருக்கு, அதில் எதைத் திருப்பியிருக்கிறார்கள் என்பதும் பிடிபடாது. மூடுக்கு ஒரு வாரம், பகடிக்கு ஒரு வாரம் என்று பாடத்திட்டத்தில் தனித்தனியாகப் போட்டுக்கொள்வதிலேயே பாதிச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. (ஒரு படம் பார்ப்பவருக்குள் எழுப்பும் உணர்வை ‘மூட்’ என்றே எழுதுகிறேன். ‘மனநிலை’ என்று போட்டால் பிள்ளைகள் படத்தில் இருப்பவரின் மனதைத் தேடப் போய்விடுகிறார்கள்.)

முகத்தைப் பார்த்து மூடைச் சொல்வது

அமெரிக்க ஓவியர் கிராண்ட் உட் 1930-இல் வரைந்த ‘அமெரிக்கன் காதிக்’ ஓவியத்தைத்தான் நான் பெரும்பாலும் எடுப்பேன். உலகத்திலேயே அதிகம் பகடி செய்யப்பட்ட படங்களில் அது ஒன்று. வெள்ளை மர வீடு. அதன் முன்னால் வைக்கோல் அள்ளும் மூன்று பல் கவையைப் பிடித்தபடி ஒரு வழுக்கைத்தலைக்காரர், பக்கத்தில் ஒரு பெண். இருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ‘மூட் என்ன?’ என்றால் ‘சோகம்’ அல்லது ‘கோபம்’ என்று பதில் வரும். முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம்.

போகாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். கவையின் மூன்று பற்களை விரலால் வரையச் சொல்லுங்கள். அதே வடிவம் படத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அந்த மனிதரின் மேலுடைத் தையலில் ஒருவர் கண்டுபிடிப்பார். சட்டைக் கோடுகளில் இன்னொருவர், வீட்டின் கூர்வளைவு ஜன்னலில் மற்றொருவர். முகங்களும் வீடும் எல்லாம் நெடுக்குவாட்டில் இழுத்துப் பிடித்ததுபோல் இருப்பது அப்புறம்தான் கண்ணில் படும். மேல்மாடி ஜன்னலில் திரை இறங்கியிருக்கிறது. ஆண் நம்மை நேராகப் பார்க்கிறார். பெண்ணின் பார்வை எங்கோ பக்கவாட்டில் போகிறது. இறுக்கி வாரிய தலையிலிருந்து ஒரே ஒரு முடிச்சுருள் மட்டும் நழுவிக் கழுத்தில் விழுந்திருக்கிறது. இவ்வளவும் பார்த்த பிறகு ‘சோகம்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘விறைப்பு’, ‘உள்ளே வராதே என்கிற மாதிரி’ என்பார்கள். ஒருமுறை ஒரு பையன் ‘வீட்டு ஓனர் மூட்’ என்றான். அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

இங்கே பலர் செய்யும் இன்னொரு தவறு, கதையை முதலிலேயே அவிழ்த்துவிடுவது. சுவையான கதைதான். அந்தப் பெண் ஓவியரின் தங்கை; அவர் பெயர் ‘நான்’ (Nan). அந்த ஆண் அவரது பல் மருத்துவர் பைரன் மெக்கீபி. ஒருவருக்கு 30 வயது, மற்றவருக்கு 62. இருவரும் தனித்தனியாகத்தான் போஸ் கொடுத்தார்கள். ஐயோவா மாநிலத்து எல்டன் ஊரில் இருக்கும் அந்த வீட்டின் முன்னால் சேர்ந்து நிற்கவே இல்லை. பார்ப்பவர்கள் கணவன் மனைவி என்று நினைக்க, அப்பாவும் மகளும் என்றார் உட். இதெல்லாம் சொல்ல வேண்டியதுதான், ஆனால் இருபது நிமிடம் கழித்து. முன்னாடியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்துவிடுவார்கள்.

‘சோகம், மகிழ்ச்சி’ என்ற இரண்டே சொற்களில் சுற்றுவது

மூடுக்குச் சொல் போதவில்லை என்று ஆங்கிலப் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை. இவை மனிதர்களின் உடலில் தெரியும் உணர்வுகளுக்கான சொற்கள், ஓவிய விமரிசனத்துக்கு எழுதியவை அல்ல. ஆனாலும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘இதில் எது? ஏன்?’ என்று கேட்டால் விவாதம் சூடு பிடிக்கும். ‘அமெரிக்கன் காதிக்’ பெருமிதமா, அல்லது நகையில் வரும் எள்ளலா?

இந்தச் சண்டை 1930-லேயே நடந்தது. சிகாகோ கலைக்கழகப் போட்டியில் அந்தப் படம் வெண்கலப் பதக்கமும் 300 டாலரும் பெற்றது. கழகமே அதை வாங்கிக்கொண்டது. செய்தித்தாளில் படத்தைப் பார்த்த ஐயோவாக்காரர்கள் பலருக்குக் கோபம்: எங்களை இப்படியா காட்டுவது? அப்புறம் பொருளாதார மந்தம் ஆழமானபோது, அதே படத்தை அசையாத உறுதியின் சின்னமாகக் கொண்டாடினார்கள். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மூட் படத்தில் பாதி, பார்ப்பவரிடம் பாதி என்பதை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நிற அட்டவணை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கோபம் அதிகம். ‘மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் சோகம், வெள்ளை தூய்மை’ என்று ஒரு தாளை ஒட்டிவைத்துப் பாடம் நடத்துகிறோம். எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ (1942) படத்தில் அந்த இரவுக் கடைக்குள் சுவரெல்லாம் பளீர் மஞ்சள். அதைப் பார்த்து யாருக்காவது மகிழ்ச்சி வருமா? இருண்ட தெருவுக்கு நடுவே அந்த வெளிச்சம் இருப்பதும், கடைக்குள் நுழைய நம் கண்ணுக்கு ஒரு கதவுகூடத் தெரியாததும்தான் வேலை செய்கின்றன. வெள்ளை விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். சரஸ்வதிக்கும் வெள்ளை, கணவனை இழந்த பாட்டிக்கும் வெள்ளை என்று பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ‘வெள்ளை தூய்மை’ என்று எழுதிக் கொடுக்கிறோம்.

மாறியதை மட்டும் எண்ணுவது

பகடிக்கு வருவோம். மூலத்தையும் பகடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஆறு வித்தியாசம் கண்டுபிடி’ நடத்துவதுதான் வழக்கம். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்: முதலில் மாறாததை எழுதுங்கள். பகடி செய்தவர் எதை அப்படியே விட்டுவைத்தார்?

1942-இல் கார்டன் பார்க்ஸ் வாஷிங்டனில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்த எலா வாட்சன் என்ற கறுப்பினப் பெண், புள்ளி போட்ட கவுனில், ஒரு பக்கம் துடைப்பமும் மறுபக்கம் தரை துடைக்கும் மாப்பும் இருக்க, நம்மை நேராகப் பார்த்து நிற்கிறார். பின்னால் அமெரிக்கக் கொடி தொங்குகிறது. இதற்கும் ‘அமெரிக்கன் காதிக்’ என்றுதான் பெயர்.

மாறியவற்றை மட்டும் எண்ணினால் எல்லாமே மாறியிருக்கிறது: ஆள், இடம், கருவி, ஓவியம் போய்ப் புகைப்படம். மாறாததைப் பாருங்கள். நேர்முகமாக நிற்கும் விதம், கையில் நெட்டுக்குத்தாகப் பிடித்த வேலைக்கருவி, பின்னணியை அடைக்கும் ஒரே பொருள், சிரிக்காத முகம். உட்டின் விவசாயிக்கு அந்த விறைப்பைக் கொடுத்தது அவர் பின்னால் நின்ற சொந்த வீடு. வாட்சன் பின்னால் நிற்பது ஒரு கொடி. அந்த நகரத்தில் பார்க்ஸையே கறுப்பர் என்பதால் கடையிலும் உணவகத்திலும் திரையரங்கிலும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தகவலை இப்போது சொன்னால் வகுப்பு தானாகவே மீண்டும் படத்தைப் பார்க்கும்.

கட்டாயம் ஒரு குரல் எழும்: ‘இதில் சிரிப்பு வரலையே, இது எப்படிப் பகடி?’ நல்ல கேள்வி. ‘பகடி என்றால் கேலி, கேலி என்றால் சிரிப்பு’ என்று நாம் எழுதிப்போட்ட வரையறையிலிருந்து வந்த கேள்வி அது. பார்க்ஸ் உட்டைக் கேலி செய்யவில்லை. உட்டின் படத்தைக் கையில் எடுத்து நாட்டைச் சீண்டுகிறார். இதை மாணவர்களுக்குப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். வடிவேலு மீம் போடும் பிள்ளை வடிவேலுவைக் கேலி செய்வதில்லை. அந்த முகத்தை வைத்துக் கணக்குப் பரீட்சையைக் கேலி செய்கிறது. ‘குறி யார்மேல்? மூலத்தின் மேலா, மூலத்தை வைத்து வேறொன்றின் மேலா?’ என்ற ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டால் போதும்.

கடன் வாங்கியதெல்லாம் பகடி என்பது

பிக்காசோ 1957-இல், பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதை ஒட்டி 58 படங்கள் வரைந்தார். மூலத்தில் படுத்திருந்த பெரிய நாயின் இடத்தில் தன் வீட்டுக் குட்டைக்கால் நாயை உட்கார வைத்தார். அந்த நாய் மட்டும் பகடி என்றால் ஒத்துக்கொள்வேன். மொத்தத் தொகுப்பையும் பகடி என்றால் 58 முறை எதற்கு? ஒரு ஜோக்கை யாரும் அத்தனை தடவை சொல்வதில்லை.

வரையச் சொல்லும்போது

கடைசியில் ‘நீங்களும் ஒரு பகடி வரையுங்கள்’ என்று விட்டுவிட்டால், முப்பது பேரில் இருபது பேர் கூலிங்கிளாஸ் மாட்டிவிடுவார்கள். ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றலாம், ஆனால் மூட் மாற வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருத்தி ‘அமெரிக்கன் காதிக்’கில் அந்தப் பெண்ணின் கண்களை மட்டும் நம் பக்கம் திருப்பினாள். வேறெதையும் தொடவில்லை. திடீரென்று அந்த ஆள் அந்நியனாகிவிட்டார். அவள் நம்மிடம் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. இது பகடியா இல்லையா என்று அரை மணி நேரம் வாதம் நடந்தது.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் தூஷாம்பை எப்போது கொண்டுவருவது என்று கேட்பீர்கள். 1919-இல் மோனாலிசா அஞ்சலட்டைக்கு அவர் மீசையும் குறுந்தாடியும் வரைந்தது எல்லோருக்கும் தெரியும். (கீழே எழுதிய ‘எல்.எச்.ஓ.ஓ.க்யூ.’ எழுத்துகளைப் பிரெஞ்சில் வேகமாக வாசித்தால் கொச்சையான ஒரு வாக்கியம் காதில் விழும். எட்டாம் வகுப்பில் இதை விளக்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.) அதிகம் பேருக்குத் தெரியாதது 1965-இல் அவர் செய்தது. மோனாலிசா அச்சிட்ட ஒரு சீட்டை எடுத்து, அதில் ஒன்றுமே வரையாமல் அழைப்பிதழில் ஒட்டி, அதே எழுத்துகளுக்குப் பக்கத்தில் ‘மழித்தது’ என்று எழுதிவிட்டார். மீசை எடுத்த மோனாலிசா! மாறியது எதுவுமே இல்லாத பகடி. இதை முதல் வகுப்பில் காட்டினால் ‘அவ்வளவுதானா?’ என்பார்கள். கடைசி வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.