கத்திரி வெயிலில் இரண்டு வாண்டுகளோடு வெளியே போவது எப்படி?

பள்ளிக்கு லீவு விட்ட மூன்றாவது நாளே எங்கள் வீடு ரணகளம் ஆகிவிடும். எனக்கு 6 வயதில் ஒருத்தி, இரண்டரை வயதில் ஒருவன். தலையணை எல்லாம் தரையில், தண்ணீர்க் குடம் குளிக்கும் தொட்டியாகிவிட்டது, காலை 9 மணிக்கே "அம்மா, வெளில போலாம்" ஆரம்பம். வெளியே பார்த்தால் கத்திரி வெயில் கொளுத்துகிறது.

போன வருடம் எனக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது. மே மாதத்து ஞாயிறு ஒன்றில் காலை 10 மணிக்கு இரண்டையும் கிளப்பிக்கொண்டு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடற்கரைச் சாலையில் இறங்கும்போது மணி 11 தாண்டிவிட்டது. சின்னவன் செருப்பை உதறிவிட்டுக் கருங்கல் தரையில் கால் வைத்தான். அலறலில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பெரியவள் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்தால் என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று டம்ளர் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த வருடம் ஏறக்குறைய ஒருநாள் விட்டு ஒருநாள் வெளியே போய்க்கொண்டிருக்கிறோம். அழுகை உண்டு, ஆனால் பெரிய விபரீதம் இல்லை. முதல்முறையாகச் சின்னப் பிள்ளைகளோடு கிளம்பும் அம்மாக்களுக்காக, நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எங்கே போகலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எத்தனை மணிக்கு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று யோசியுங்கள். காலையில் என்றால் எனக்கு 9 மணி. மாலையில் என்றால் உள்ளூருக்கு 7 மணி, புதுச்சேரிக்கு எட்டே முக்கால். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கிளம்பும் நேரம் தானாக வந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல் நமக்குக் கிழக்கே. மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடல்மேல் வந்துவிடும், 7 மணிக்குள் முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். மாலையில் அதே சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் ஊர்ப்பக்கம் போய்விடுவதால், கடலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசாது. மதியத்துக்குமேல் தரை சூடாகி அதன்மேல் உள்ள காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கடல்காற்று கிளம்பிவிட்டதா என்று பார்க்க நான் மொட்டை மாடிக் கொடியைத்தான் பார்ப்பேன். துணி மேற்குப் பக்கமாகப் பறந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். சில நாள் காற்று ஏமாற்றிவிடும். அந்த நாட்களில் நான் கிளம்புவதே இல்லை, பாத்ரூமில் வாளி நிறையத் தண்ணீரோடு அவர்களை விட்டுவிட்டுக் கதவருகே உட்கார்ந்துகொள்வேன்.

காலை 11 முதல் மாலை 4 வரை, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகாதீர்கள்.

படி 2: ஒரே ஒரு கட்டைப்பை

முதுகில் மாட்டும் பை, தோளில் ஒரு பை, கையில் ஒரு கூடை என்று போனால் பிள்ளையைப் பிடிக்கக் கை இருக்காது. துணிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பை ஒன்று போதும். அது எப்போதும் கதவுக்குப் பின்னால் தொங்கட்டும்.

தண்ணீர்தான் முக்கியம். முதல்நாள் இரவே பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, படுக்கவைத்து ஃப்ரீசரில் வையுங்கள். கிளம்பும்போது மீதியைச் சாதாரணத் தண்ணீரால் நிரப்பினால் இரண்டு மணி நேரத்துக்குச் சில்லென்று இருக்கும். நிற்கவைத்தும் நிரம்ப ஊற்றியும் உறையவிட்டால் பாட்டில் உப்பிக்கொள்ளும், குடிக்கவும் சொட்டு வராது. அனுபவம்தான்.

பிறகு பழைய பருத்தித் துண்டு இரண்டு (ஒன்று நனைத்துப் பிழிந்து டப்பாவில்), மாற்றுடை ஒவ்வொருவருக்கும் ஒன்று, ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலம் ஒன்று, பிளாஸ்டிக் கவர் நாலைந்து. சன்ஸ்கிரீன், ஸ்ப்ரே, விளையாட்டுச் சாமான் எல்லாம் உங்கள் விருப்பம். எங்கள் வீட்டில் மண் தோண்ட ஒரு பழைய கரண்டியே போதும்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதத்தை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் தயிரை ஊற்றிப் பிசைந்தால் இந்த வெயிலுக்குப் புளித்துவிடும். சோற்றைக் குழைய மசித்து, ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும் கலந்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தை என்றால் எவ்வளவு வெயில் அடித்தாலும் தாய்ப்பால் மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி தண்ணீர் கொடுக்கச் சொன்னாலும் வேண்டாம், அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

படி 3: முதல் வாரம் தேவனாம்பட்டினத்தைத் தாண்டாதீர்கள்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் தப்பு, முதல் நாளே பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போவது. சின்னப் பிள்ளைக்குப் பிச்சாவரமும் தெருமுனையும் ஒன்றுதான். மணலும் தண்ணீரும் இருந்தால் போதும்.

நாங்கள் நாலரைக்குக் கிளம்பி 5 மணிக்கு தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் இருப்போம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை, அரசுப் பஸ்ஸில் 5 வயதுவரை குழந்தைக்கும் கட்டணம் இல்லை.  கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டைப் பெரியவள்தான் வாங்கி உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொள்வாள். அவளுக்குக் கடலைவிட அந்த டிக்கெட் பெரிசு.

மணலில் இறங்குவதற்கு முன் புறங்கையை மணலில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் பிள்ளையின் காலுக்கும் ஆகாது. அலை நனைத்த ஈர மணலுக்கு நேராகத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இனி கண்டிப்பான பகுதி. வங்காள விரிகுடா பார்க்க அமைதியாகத்தான் இருக்கும், இழுக்கும்போது சொல்லிவிட்டு இழுக்காது. என் விதிகள் இவை: பிள்ளையின் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. விரலை அல்ல, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், ஈரத்தில் விரல் வழுக்கும். தண்ணீர்ப் பக்கம் இருக்கும்வரை செல்போன் பையில். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர்தான் என்றால் இருவரும் ஒன்றாகத் தண்ணீருக்குப் போகக் கூடாது, ஈர மணலில் குழி தோண்டலாம். அலை உடையும் வரிசைக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் கலங்கலாகத் தெரிந்தால் அங்கேதான் தண்ணீர் உள்ளே திரும்பி ஓடுகிறது, அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும் அப்படித்தான்.

ஆறரைக்கு இருட்டத் தொடங்கும். சுண்டல் வாங்கிக் கொடுத்து நடக்கவிட்டுக் கதை சொன்னால் பஸ் வரும்வரை ஓட்டலாம். பெரியவளுக்குப் பிடித்த கதை, இங்கே இருந்த செயின்ட் டேவிட் கோட்டையின் கதை. 1690-ல் மராட்டியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு நிலமும் தங்களுக்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அப்படி வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடியில் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அப்ப குண்டு நம்ம வீட்டுல விழுந்துச்சாம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

படி 4: காலை நேரத்துக்கு ஒரு கோயில், ஒரு ரயில்

கோயில் என்றால் காலை 8 மணிக்குள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் பிராகாரக் கல் அந்த நேரத்தில் குளிர்ந்து கிடக்கும், ஓடினால் ஓடட்டும். வெயில் ஏறியபின் போனால், நடந்துபோக விரித்திருக்கும் பாயைவிட்டுப் பிள்ளை ஒரு அடி விலகினாலும் கால் பொசுங்கும். திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் சன்னதிக்குப் படி ஏற வேண்டும். எழுபதுக்கும் மேல் படிகள். எண்ணிக்கொண்டே ஏறினால் பெரியவள் களைப்பே அடைவதில்லை, சின்னவன் பத்தாவது படியில் கையைத் தூக்கிவிடுவான். தூக்கிச் சுமக்க ஆள் இருந்தால் மட்டும் போங்கள்.

என் கண்டுபிடிப்பு என்று நான் பீற்றிக்கொள்வது ரயில்தான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ஏறி, அடுத்த ஸ்டேஷனான கடலூர் துறைமுகத்தில் இறங்கிவிடுவோம். சில நிமிடப் பயணம்தான், ஆனால் ரயில் ரயில்தானே! பாசஞ்சர் வண்டிகள் குறைவு என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கி முதுநகர் பக்கம் போனால் உப்பனாற்றில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் சமயம். அதனால் வருடத்தில் வேறெப்போதும் கடலில் இருக்கும் படகுகள் இப்போது கரையோரம் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவது, பெயிண்ட் அடிப்பது என்று வேலை நடந்துகொண்டிருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சின்னவன் படகுகளின் நிறத்தை எண்ணியே அரை மணி நேரம் ஓட்டிவிடுவான். அவனுக்குத் தெரிந்த நிறம் இரண்டுதான்.

படி 5: நம்பிக்கை வந்தபின் புதுச்சேரி

இரண்டு வாரம் உள்ளூரில் பழகியபின் இதை எடுங்கள். மாலைப் பயணம்தான். மாலை 4 மணிக்குக் கிளம்பிக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். பஸ் வடக்கே போகிறது, வெயில் மேற்கிலிருந்து, அதாவது இடப்பக்க ஜன்னலில் அடிக்கும். வலப்பக்கம் இடம் பிடியுங்கள். வாந்தி வரும் பிள்ளை என்றால் முன்பக்க ஜன்னல், வயிறு பாதி நிறைந்த நிலை, எலுமிச்சம்பழம் ஒன்று கையில். பால் குடித்த கையோடு ஏற்றாதீர்கள்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெண்ணையாற்றுப் பாலம், அப்புறம் சுண்ணாம்பாற்றுப் பாலம் என்று இரண்டு ஆறு வரும், அவற்றைக் காட்டிக்கொண்டே போனால் பாதி வழி கழிந்துவிடும். சுண்ணாம்பாறு படகுத்துறையில் இறங்கலாமே என்று ஆசை வரும். ஒரே நாளில் இரண்டு வேண்டாம். படகு இன்னொரு நாளைக்கு.

இறங்கியதும் நேரே பாரதி பூங்காவுக்கு ஆட்டோ. மரநிழல், புல், நடுவில் ஆயி மண்டபம். ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்காகக் குளம் வெட்டினாள் என்று ஒரு கதை சொல்வார்கள். இந்தக் கோடையில் அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். கொண்டுபோன சாதத்தை அங்கே ஊட்டிவிடுங்கள்.

6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை ஏழரைவரை அது நடப்பவர்களுக்குத்தான். அங்கேதான் பிள்ளையின் மணிக்கட்டை முதல்முறையாக நான் விடுவேன். பாறை அடுக்கியிருக்கும் பக்கம் மட்டும் நான் நின்றுகொள்வேன். காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம்வரை இரண்டு ஓட்டம், ஒரு பொம்மை பலூன், ஏழரைக்குப் பஸ். சின்னவன் அரியாங்குப்பம் வருவதற்குள் தூங்கிவிடுவான்.

படி 6: வழியில் வாங்குவது

நுங்கு வாங்குங்கள், இளசாகப் பார்த்து. சின்னப் பிள்ளைக்கு முழுசாகக் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் போய் நின்றுவிடும், கையால் நசுக்கிக் கொடுங்கள். பதநீர் காலையில் மட்டும், வெயில் ஏறினால் புளித்துப்போகும். இளநீர் எப்போதும் சரி. நறுக்கித் திறந்து வைத்திருக்கும் தர்பூசணியும், எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். அழுதால் அழட்டும்.

படி 7: பிள்ளை சுருண்டால்

கன்னம் சிவப்பது, சிணுங்குவது எல்லாம் முதல் எச்சரிக்கை. நிழலுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, ஈரத்துண்டால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு துடைத்து விசிறிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பொட்டலம் என்றால் 1 லிட்டர்) முழுதாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று குத்துமதிப்பாகக் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சர்க்கரை தலைதட்டி 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி என்றால் டாக்டரிடம் போங்கள். உடம்பு கொதித்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் சொருகினாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் 108. அந்த நிலையில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

வாசலிலேயே கால் கழுவிவிடுங்கள். மணலும் உப்பும் தொடை இடுக்கில் தங்கினால் இரவெல்லாம் அரிக்கும், நல்ல தண்ணீரில் ஒரு குளியல் போடுங்கள். இப்போதெல்லாம் மாமியாரும் மோர் டம்ளரோடு வாசலில் உட்கார்ந்து "இன்னிக்கு எங்கடா போனீங்க?" என்று சின்னவனிடம் விசாரிக்கிறார். அவன் எங்கே போனாலும் "படகு" என்றுதான் சொல்கிறான்.

ஈரத்துணியைக் காயப்போட்டு, கட்டைப்பையில் புது மாற்றுடை வைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். அப்புறம் பாட்டில். பாதித் தண்ணீர், படுக்கவைத்து.