சோலார் மலிவா, நிலக்கரி மலிவா: வாதிடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சோலார் கரண்ட்தான் மலிவு என்று ஒருவர் சொல்வார், கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலக்கரிதான் மலிவு என்று இன்னொருவர் சொல்வார், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் குரலும் ஏறிவிடும். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையான எண்தான். ஒன்று ஒரு வருடத்தின் எண், மற்றொன்று வேறொரு வருடத்தின் எண், அதுதான் சிக்கல். நான் சூரியன், காற்று பக்கம் நிற்பவன். நம் பக்கத்து ஆட்களே அரைகுறை எண்ணை வைத்து வாதிட்டுத் தோற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்ததும் கேட்க வேண்டியது, எந்த வருடத்து விலை என்பது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறதே, அதற்கு 2015-ல் ஒப்பந்தம் போட்டபோது யூனிட் 7 ரூபாய் 1 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா சோலார் பூங்காவுக்கு விட்ட ஏலத்தில், கரண்ட் விற்க வந்த கம்பெனிகள் கேட்ட மிகக் குறைந்த விலை 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு வரை இறங்கியது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் 25 வருடத்துக்குப் போடப்படுபவை, ஆகவே "மின்வாரியம் சோலாருக்கு 7 ரூபாய் கொடுக்கிறது" என்று ஒருவர் சொன்னால் உடனே பொய் என்று பாயாதீர்கள், அது பழைய ஒப்பந்தத்தின் விலை, இன்றைக்குப் புதிதாக ஏலம் விட்டால் வரும் விலை அல்ல என்று பிரித்துக் காட்டுங்கள். அதேபோல "விலை இறங்கிக்கொண்டேதான் போகும்" என்றும் சொல்லாதீர்கள். 2022 ஏப்ரலில் இறக்குமதி பேனல்களுக்கு 40 விழுக்காடு சுங்கவரி வந்த பிறகு 1.99 எல்லாம் பழங்கதை ஆகிவிட்டது.

அடுத்தது மெகாவாட்டா, யூனிட்டா. மெகாவாட் என்பது நிலையத்தின் திறன், யூனிட் என்பது அது உண்மையில் உற்பத்தி செய்து தரும் மின்சாரம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நாட்டின் மொத்த மின் நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு போன்ற எரிபொருள் சாராதது என்று 2025-ல் மத்திய அரசு அறிவித்தது, அது உண்மை. ஆனால் உற்பத்தியாகும் யூனிட்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது, அதுவும் உண்மை. கூடங்குளத்தில் 1000 மெகாவாட் அணு உலை ஒன்று நாள் முழுக்க ஓடினால் 2.4 கோடி யூனிட். 1000 மெகாவாட் சோலார் ஒரு நாளைக்குத் தருவது தோராயமாக 45 லட்சம் யூனிட். மெகாவாட்டை மெகாவாட்டோடு ஒப்பிட்டுப் பேசினால் எதிராளி இந்த ஒரு எண்ணைச் சொல்லியே உங்களை உட்கார வைத்துவிடுவார்.

அப்புறம் வட்டி. இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார், செலவு 2 லட்சம் ரூபாய், வருடத்துக்குச் சராசரியாக 4,200 யூனிட், ஆயுள் 25 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மானியத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், பராமரிப்பையும் இன்வர்ட்டர் மாற்றும் செலவையும் விட்டுவிடுங்கள். 2 லட்சத்தை மொத்த யூனிட்டால் வகுத்தால் யூனிட் 1 ரூபாய் 90 காசு. அதே பணத்தை 9 விழுக்காடு வட்டிக்கு வாங்கி 25 வருடத்தில் அடைத்தால் யூனிட் 4 ரூபாய் 85 காசு. 6 விழுக்காட்டுக்குக் கிடைத்தால் 3 ரூபாய் 73 காசு. பேனலும் அதேதான், மாடியும் அதேதான், வெயிலும் அதேதான், வட்டி மட்டும் மாறியது. நிலக்கரிக்குச் செலவு மாதாமாதம் எரிபொருளாக வரும், சோலாருக்குக் கிட்டத்தட்ட முழுச் செலவும் முதல் நாளே வந்துவிடுகிறது, அதனால் எங்கே கடன் மலிவோ அங்கே சோலார் மலிவு. யாராவது ஒரு விலையைச் சொன்னால் "என்ன வட்டிக்குப் போட்ட கணக்கு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்து இரு பக்கமும் வாதிட வேண்டாம்.

வீட்டுக் கணக்கு என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினாலோ அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஆகவே ஏசி ஓடும் வீட்டுக்கு நல்ல லாபம் தரும் அதே சோலார், 150 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் பிடித்துத் தராது. எல்லோரும் போடுங்கள் என்று பொதுவாகச் சொல்லாமல், பில்லை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

"சரி, ராத்திரிக்கு என்ன செய்வாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நியாயமான கேள்விதான், மழுப்பாதீர்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் வீடுகளில் லைட்டும் ஃபேனும் ஏசியும் ஏறும்போது சோலார் பூஜ்யம். சேமித்துத் தரும் செலவையும் சேர்த்துத்தான் அந்த நேரத்து யூனிட்டுக்கு விலை சொல்ல வேண்டும், பகல் ஏல விலையை நீட்டக்கூடாது. சேமிப்பு நமக்குப் புதிதும் அல்ல. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களிலிருந்தே இருக்கிறது, கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவை ஏறும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். பேட்டரியின் விலையும் 2010-ல் ஒரு கிலோவாட்-மணிக்கு, அதாவது ஒரு யூனிட் சேமிக்கும் அளவுக்கு, 1000 டாலருக்கு மேல் இருந்தது, 2024-ல் உலகச் சராசரி 115 டாலர். இந்த இரண்டையும் சொல்லிவிட்டு, தேவைப்படும் அளவோடு பார்த்தால் நம்மிடம் இருக்கும் சேமிப்பு இன்னும் மிகக் குறைவு என்பதையும் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள்.

நிலக்கரியிடமும் முழு பில்லைக் கேளுங்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்த சாம்பலுக்கான விலை எந்த யூனிட் கணக்கிலும் வருவதில்லை, அதை மீனவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாகக் காற்றாலை. சோலார் பேச்சில் இது மறந்தே போகிறது. ஆரல்வாய்மொழி, பாலக்காடு, செங்கோட்டை கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்று ராத்திரியிலும் அடிக்கும். ஆனால் முப்பந்தல் பக்கம் நல்ல காற்று வரும் இடங்களில் பல, 1990-களில் நட்ட 250 கிலோவாட் மாதிரிச் சின்ன எந்திரங்கள் கையில் இருக்கின்றன. இப்போது வரும் ஒரு எந்திரம் 3 மெகாவாட். அதாவது திறனில் அப்படிப் பன்னிரண்டுக்குச் சமம், உயரமும் அதிகம் என்பதால் பிடிக்கும் காற்றும் அதிகம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நடலாம் என்றால் நிலம் பல பேர் பெயரில் சிதறிக் கிடக்கிறது, மின்வாரியத்தோடு பழைய ஒப்பந்தம் இருக்கிறது, புதிய எந்திரத்துக்குத் தகுந்த துணைமின் நிலையமும் லைனும் வேண்டும். காற்றாலை நல்லதா கெட்டதா என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சை இந்த மூன்று தடைகளின் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் யார் பணம் போடுவது என்று கேளுங்கள்.